அப்பா சிரிக்கிற படம்

எங்கள் தெருவில் என் அப்பாவுக்கு ‘அசையாதீங்க’ என்றுதான் பெயர். பாஸ்போர்ட் படம் எடுக்க ஸ்டூடியோவில் உட்காருகிறவர்களிடம் அவர் முதலில் சொல்வதும் கடைசியில் சொல்வதும் அதுதான். நடுவில், “பல்லு தெரியக் கூடாது, காது தெரியணும்.” இத்தனை வருடமாக ஊரார் சிரிப்பையெல்லாம் வாய்க்குள் பூட்டி வைத்த பாவமோ என்னவோ, கேமராவைக் கண்டால் அவர் முகமும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஆகிவிடும்.

அம்மா வெளிநாட்டில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஓர் அம்மாளைப் பார்த்துக்கொள்கிறாள். வாரத்தில் ஒரு மதியம்தான் வெளியே விடுவார்கள். அதுவும் அந்த வீட்டுக்குச் சாமான் வாங்க. அவள் அங்கே சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைகிற நேரம் பார்த்து, அப்பா ஸ்டூடியோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைவார். காதில் போன். இரண்டு பேரும் இரண்டு நாட்டில் வண்டி தள்ளுவார்கள்.

“எங்க இருக்க?”

“சோப்புப் பக்கம்.”

“இரு இரு, நானும் வந்துடறேன்” என்று இவர் இங்கே சோப்புப் பக்கம் ஓடுவார். பார்க்கிறவர்கள் பொண்டாட்டி அடுத்த வரிசையில் நிற்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். வாங்குவது என்னவோ ஒரு சோப்பும் ஒரு ரொட்டியும். நான் வண்டியால் அவரை இடித்துக்கொண்டே ஒட்டி நடப்பேன். விளையாட்டுக்கு இடிப்பதாக அவர் நினைப்பு. ஒட்டி நடந்தால் அம்மா குரல் கொஞ்சம் கசிந்து கேட்கும்.

போன வாரம் அம்மா கேட்டாள்: “உங்க படம் ஒண்ணு அனுப்புங்க, கட்டில் பக்கத்துல ஒட்டிக்கறேன். சிரிக்கிற படமா இருக்கணும். இங்க இருக்கிறது விசாவுக்கு எடுத்தது. அதைப் பாத்தா, விசாரணைக்கு வான்னு கூப்பிடற மாதிரியே இருக்கு.”

அன்றிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. டைமர் வைத்துத் தன்னைத்தானே எடுத்துப் பார்த்தார். எல்லாம் பல்வலிக்காரர் படம். நான் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்தேன். முதுகில் ஒன்று விழுந்ததுதான் மிச்சம்.

இந்த வாரம் கடைக்குப் போகும்போது கேமராவை என் கழுத்தில் மாட்டினார். “நான் பாக்காதப்ப எடு. தெரியாம எடு.” சொல்வது சுலபம். நான் கேமராவைத் தூக்கினாலே மூக்கில் வேர்த்துவிடும் அவருக்கு. தக்காளிக் குவியல் முன்னால் நிமிர்ந்து, தாடையை இறக்கி, மூச்சைப் பிடித்து நிற்பார். படத்தில் தக்காளி நன்றாக விழுந்தது. அப்பா விழவில்லை.

சரி, இதற்கு நம் வித்தைதான் என்று, பழைய ரொட்டி பாக்கெட்டில் இருந்த ‘பாதி விலை’ ஸ்டிக்கரை உரித்து அவர் முதுகில் ஒட்டினேன். அதோடு இரண்டு வரிசை சுற்றினார். அலமாரி அடுக்கிக்கொண்டிருந்த அக்காதான் முதலில் பார்த்தாள்.

“சார், உங்களைப் பாதி விலைக்குப் போட்டிருக்காங்க. பில் போட்டுடட்டுமா?”

அப்பா திருதிருவென்று விழித்தார். நான் போன் பக்கம் எட்டிக் கத்தினேன். “அம்மா, உன் வீட்டுக்காரரைப் பாதி விலைக்குப் போட்டுட்டாங்க!”

ஸ்பீக்கர் போடாமலேயே அம்மா குரல் வெளியே வந்தது. “பாதியா? அந்த ஆளுக்கு அதுவே ஜாஸ்தி! ஆனா வாங்கினா திருப்பி எடுத்துக்க மாட்டாங்கன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு. நான் எத்தனையோ தடவை கேட்டுப் பாத்துட்டேன்.”

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அப்பா போனைக் காதோடு நசுக்கிக்கொண்டு, ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, உடம்பு குலுங்கச் சிரித்தார். நான் அழுத்திவிட்டேன்.

படம் சாய்ந்திருந்தது. பின்னால் டிஷ்யூ பேப்பர் மலை, ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை. அப்பாவின் கண் சுருக்கத்துக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. ஆனால் பல் தெரிந்தது. எல்லாப் பல்லும்.

அதை அப்படியே அனுப்பியிருக்கலாம். தொழில் விடுமா? ஸ்டூடியோவுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். சாய்வை நிமிர்த்தினார். முழங்கை போயிற்று, மலை போயிற்று, சுருக்கம் போயிற்று. பின்னால் வெள்ளை. “காதை மறைச்சுக்கிட்டு இது வேற” என்று கையையும் போனையும் அழித்து, விசா படத்திலிருந்து ஒரு காதை எடுத்து ஒட்டினார். மாப்பிள்ளை மாதிரி இருந்தார். அனுப்பினார்.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். அப்பா ஸ்பீக்கரைப் போட்டார், பாராட்டை நானும் கேட்கட்டும் என்று.

“படம் வந்துச்சு. அழகா இருக்கீங்க” என்றாள். குரலில் மதியத்துச் சிரிப்பு இல்லை.

“என்னம்மா, பிடிக்கலையா?” என்றார் அப்பா.

“சிரிப்பெல்லாம் நெஜம்தான். ஆனா எதுக்குச் சிரிக்கறீங்கன்னே தெரியலையே. நான் எங்க?”

“நீயா? நீ எப்படி இந்தப் படத்துல...”

“போன்லதானே இருந்தேன்.”

அப்பா திரையில் தெரிந்த தன் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேமராவிலிருந்த படத்தைத் தேடியெடுத்து, சாய்வைக்கூடத் தொடாமல் அனுப்பினார்.

“வேற ஒண்ணு அனுப்பியிருக்கேன். வந்துச்சா?”

“வருது. மேல கொஞ்சம்தான் வந்திருக்கு. டிஷ்யூ பேப்பரா அது?”

“ஆமா. இரு, கீழதான் நாம. வரும்.”

“இருக்கேன்” என்றாள் அம்மா.