பதினாறு பின், இரண்டு மில்லிமீட்டர்

திண்டிவனத்தில் என் அக்கா ஒரே ஒரு எம்ப்ராய்டரி மெஷினை வைத்துக்கொண்டு ஜாக்கெட்டுகளுக்குப் பூ வேலை செய்து கொடுக்கிறாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை மெஷினின் திரை எரியவில்லை. திரையிலிருந்து உள்ளே போகும் ரிப்பன் கேபிளை எலி கடித்திருந்தது. பட்டையாக ஒட்டிய பதினாறு கம்பிகளில் ஏழு அறுந்திருந்தன. ஒரு முனையில் இருந்த கறுப்பு கனெக்டரும் உடைந்திருந்தது.

மெக்கானிக் வந்து பார்த்தார். "வயர் தனியா வராதுக்கா. டிஸ்பிளே பேனல் செட்டோடதான் மாத்தணும். இந்த மாடலுக்குப் பேனலே இப்ப வர்றதில்ல. வெள்ளிக்கிழம வண்டி எடுத்துக்கினு வர்றேன். இத எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டு புதுசு எடுத்துக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம். அதற்கு ஒன்பது ஜாக்கெட், நான்குதான் முடிந்திருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் மெஷின் ஓடாவிட்டால் மீதி ஐந்தும் எதிர்க்கடைக்குப் போகும். மெஷின் மெக்கானிக்கின் வண்டியில் ஏறும். புது மெஷின் வாங்க அக்காவால் முடியாது என்பது அவளுக்கும் தெரியும், மெக்கானிக்குக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் எனக்கு போன் செய்தாள். நான் இருப்பது விழுப்புரத்தில். பத்திரிகை அலுவலகத்தில் பக்கம் அமைப்பது வேலை. வீட்டில் கடிகாரம், தண்ணீர்த் தொட்டி அலாரம் என்று எதையாவது பற்றவைத்துக்கொண்டிருப்பது பழக்கம். அன்று சாயங்காலமே பஸ் ஏறினேன்.

கனெக்டரின் துளைகளை எண்ணினேன். வரிசைக்கு எட்டு, இரண்டு வரிசை. மறுநாள் காலை திண்டிவனம் எலக்ட்ரானிக்ஸ் கடையில் பதினாறு பின் என்று கேட்டேன். எங்கள் பக்கத்துக் கடைகளில் கனெக்டரைப் பின் கணக்கில்தான் கேட்பார்கள், பின் கணக்கில்தான் கொடுப்பார்கள். நானும் அப்படியே இரண்டு கனெக்டரும் ஒரு முழம் கேபிளும் வாங்கிவந்தேன். கனெக்டரின் பற்களுக்கு நடுவே கேபிளை வைத்து வைஸில் இறுக்கினால், பற்கள் ரப்பரைக் கிழித்துக்கொண்டு கம்பியைப் பிடித்துக்கொள்ளும். இறுக்கினேன். நன்றாகப் பிடித்தது.

மெஷினுக்குள் இருந்த சர்க்யூட் போர்டில் ஏறவில்லை. முதல் பின் துளைக்கு நேராக நின்றது. நான்காவது பின் துளையின் சுவரில் முட்டியது.

"ஏண்டி, அமுக்கித்தான் பாரேன்" என்றாள் அக்கா.

"அமுக்கினா பின்னு வளைஞ்சிடும்."

"அப்ப அந்தாளு சொன்னது நெசந்தானா?"

ஸ்கேலை எடுத்தேன். எட்டு பத்திப் பக்கத்தில் பத்திகளுக்கு நடுவே ஏழு இடைவெளிதான் இருக்கும். பக்கம் போடுகிறவர்களுக்கு அது கைப்பழக்கம். போர்டில் முதல் பின்னிலிருந்து எட்டாவது பின்வரை பதினான்கு மில்லிமீட்டர். ஏழால் வகுத்தால் இரண்டு. நான் வாங்கிவந்ததில் அதே தூரம் பதினெட்டுக்குக் கொஞ்சம் குறைவு; ஓர் இடைவெளிக்கு இரண்டரை. கடைக்காரர் தப்பாகக் கொடுக்கவில்லை. நான் எண்ணினேனே தவிர அளக்கவில்லை.

திரும்பப் போய் இரண்டு மில்லி பிட்ச், அதாவது பின்னுக்குப் பின் இரண்டு மில்லி இடைவெளி, என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார்.

"அதெல்லாம் இங்க எவனும் வாங்க மாட்டான் மேடம். மெட்ராஸ் போங்க. இல்லாட்டி ஆன்லைன்ல போட்டுட்டு ஒரு வாரம் வெயிட் பண்ணுங்க."

"வெள்ளிக்கிழமைக்கு வேணும்."

"பேஜாருதான். மெக்கானிக்க கூப்புடுங்க."

மெக்கானிக்கைக் கூப்பிடப் போவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். இரண்டு மில்லி இடைவெளியில் பின் வைத்த பொருள் வேறு எதில் உண்டு என்று விழுப்புரம் திரும்பும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். விக்கிரவாண்டி தாண்டும்போது பிடிபட்டது. பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க். அதன் கேபிளில் நாற்பத்து நான்கு பின். இடைவெளி இரண்டு மில்லி.

வியாழக்கிழமை காலை விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். நான்காவது கடையில், "அந்தக் காலத்து ஐட்டம்க்கா, வேணும்னா நீங்களே தேடிக்குங்க" என்று ஓர் அட்டைப்பெட்டியைத் தள்ளினார்கள். அடியில் ஒரு கேபிள் கிடந்தது. இரண்டு முனையிலும் கனெக்டர் இருந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். எட்டாவது துளை பதினான்கில் நின்றது.

மதியம் அக்கா கடையில் அந்த நீள கனெக்டரை ஆக்ஸா பிளேடால் அறுத்தேன். கேபிளின் ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடும் கம்பிதான் ஒன்றாம் எண். அந்தப் பக்கத்திலிருந்து பதினாறு பின்னை வைத்துக்கொண்டு, பதினேழின் மேல் பிளேடை ஓட்டினேன். அறுபட்ட முனையில் மூடி பிரியாமலிருக்கப் பசை போட்டேன். அடுத்த முனையிலும் அப்படியே. பசை காய்ந்ததும் ஒரு கம்பிக்கும் பக்கத்துக் கம்பிக்கும் தொடர்பு இல்லையென்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். பதினைந்து முறை மீட்டர் சத்தம் போடவில்லை. பிறகு மாட்டினேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. திரை எரிந்தது.

அக்கா ஐந்தாவது ஜாக்கெட்டின் கைத்துணியை வளையத்தில் இறுக்கினாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மெக்கானிக் குட்டியானை வேனோடு வந்தார். கூட இரண்டு ஆட்கள். மெஷின் ஏழாவது ஜாக்கெட்டில் மயில் கழுத்து தைத்துக்கொண்டிருந்தது.

"கம்பெனி கேபிளா?" என்றார்.

"இல்ல."

"கேரண்டி கெடையாதுக்கா. திடீர்னு புட்டுக்கினு நின்னா என்ன கேக்கக் கூடாது."

"ஒங்கள எவன் கேக்கப்போறான்?" என்றாள் அக்கா, நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சும்மா மூடியக் கழட்டி ஒரு தபா பாத்துட்டுப் போறேனே. எங்கருந்து புடிச்சீங்க இத?"

"ஓடற மெஷினக் கழட்டக் கூடாது. வழியில வண்டி நிக்குது பாருங்க, பொம்பளைங்க உள்ள வரணும்."

அவர் என்னைப் பார்த்தார். நானும் சொல்லவில்லை. இரண்டு ஆட்களும் வெறுங்கையோடு வண்டியில் ஏறினார்கள். மயிலின் கண்ணுக்கு நீலம் வேண்டும் என்று திரை கேட்டது. அக்கா நூலை மாற்றினாள்.