மலர் அக்கா வென்ற ஆட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஜெர்மனியில், ஹனோவரில் நல்ல மழை. யோகன் அண்ணை போன் செய்தார். பழைய வீடியோ கேம் மெஷின்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்களாம்.

"வாறீரோ? தனியப் போக மனமில்லை."

அவர் மனைவி மலர் அக்கா இறந்து ஆறு மாதம். எப்படி மறுப்பது?

காட்சிக்குள் நுழைந்ததும் அண்ணை நேராக ஒரு மெஷின் முன்னால் போய் நின்றார். கறுப்புத் திரை, இரண்டு கோடு, ஒரு புள்ளி... இதுதான் டேபிள் டென்னிஸாம்! காசு போட்டு ஆடும் கேம் மெஷின் தொழிலே இதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது. ஆனால் உள்ளே கம்ப்யூட்டர் கிடையாது. தானாக எதிர்த்து ஆடத் தெரியாது. கோடுகளை மேலும் கீழும் நகர்த்த இரண்டு குமிழ்; குமிழுக்கு ஒருவராக இரண்டு பேர் நின்றால்தான் ஆட்டம்.

அண்ணையின் கதையைக் கேட்காத தமிழர் இந்த ஊரில் இல்லை. அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணத்துக்காக வந்திறங்கிய புதிது. அதுவரை இருவரும் போட்டோவில்தான் பார்த்துக்கொண்டவர்கள். என்னத்தைப் பேசுவது? ஸ்டேஷன் பக்கத்துக் கஃபேயில் இந்த மெஷின் இருந்தது — அப்போதே பழசு. ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். ஒவ்வொரு முறையும் அக்காவுக்குத்தான் வெற்றி.

"பாவமெண்டு விட்டுக்குடுத்தனான்!"

எந்தப் பிறந்தநாள் விழாவிலும் இதைச் சொல்லாமல் அண்ணை சாப்பிட உட்கார்ந்ததில்லை. அக்கா வடைத்தட்டோடு நின்று சிரிப்பார். "ஓம் ஓம், இவர் விட்டுத்தான் தந்தவர்."

இப்போது அக்காவின் பக்கத்தில் நான். எனக்கு இந்த விளையாட்டே புதிது. அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி ஆடினார். பந்து கீழே வந்தால் அவர் கோடு மேலே நிற்கும். மூன்று ஆட்டமும் தோல்வி.

"வயசு போட்டுதெல்லே அண்ணை..." என்றேன்.

"இல்லையப்பா. அண்டைக்கும் இப்பிடித்தான். எனக்கு ஏலாது. அவ உண்மையாத்தான் வெண்டவ." குமிழைச் சும்மா திருகினார். "ஒருக்காவாவது அவவிட்டச் சொல்லியிருக்கலாம்."

அக்காவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். தெரிந்தும் சிரித்தார் என்றால் மனிதருக்கு இன்னும் வலிக்குமே.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவியிடம், "என்னைவிட நீர்தான் நல்லாக் கார் ஓடுவீர்" என்றேன்.

"காய்ச்சலோ?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.