‘கேஸ் உண்டா?’ என்று நான் எழுதிய ஃபாரம்

மரியதாஸ் வேலைக்குச் சேர்ந்த எட்டாம் நாள், முதலாளி கையில் ஒரு ஃபாரத்தோடு மாடிக்கே ஏறி வந்தார். அரவேணு பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில், பச்சை இலையை வாட வைக்கும் மாடிக்கு நான் சூப்பர்வைசர்.

“ஏனுங்க, இவன் ஜெயிலுக்குப் போனவனாமுங்க. அவன் ஊரு கேத்தியில எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது. நம்ம ஃபாரத்துல ‘இல்லை’ன்னு எழுதியிருக்கான். பொய் சொன்னவன் இன்னிக்கே கெளம்பட்டும்.”

மரியதாஸ் பக்கத்திலேயே இலையைப் புரட்டிக்கொண்டிருந்தான். எட்டு நாளில் அவன் கையில் ஒரு இலை கசங்கிச் சிவந்ததில்லை. இருந்தாலும் பத்துப் பெண்கள் வேலை செய்யும் இடம். அவனை வேலைக்கு எடுத்தவன் நான். என்ன செய்துவிட்டு உள்ளே போனானோ?

“ஜெயிலுக்குப் போனியாப்பா?”

“போனேனுங்கண்ணா. தோட்டத் தகராறுல ஒருத்தர அடிச்சுப்போட்டேன். ஒரு வருஷம் உள்ள இருந்தேன். வெளிய வந்து ஆறு வருஷமாச்சுங்க.”

“அப்புறம் ஏன் மறைச்சே?”

“மறைக்கலீங்களே. கேஸ் உண்டான்னு கேட்டிருந்துச்சு. எங்கூட்டுல ஏதுங்க கேஸு, சிலிண்டரு? வெறகடுப்புதானுங்க.”

“நாம என்ன சமைக்கறதுக்கா ஆள் எடுக்கறோம்? கதை உடறான்!” என்றார் முதலாளி.

ஃபாரத்தை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். எட்டாவதோடு நின்றவன் நான். ‘குற்ற வழக்கு’ என்று எழுதத் தோன்றவில்லை. ரேஷன் கார்டு எண்ணுக்குக் கீழேயே ‘கேஸ் உண்டா?’ என்று எழுதி ஜெராக்ஸ் போட்டிருந்தேன்.

ஆபீசுக்கு ஓடினேன். ‘உண்டு’ என்றிருந்ததால் நான் ஒதுக்கிய ஃபாரங்களில் எமரால்டு ஊர்ப் பெண் ஒருத்தி ‘உண்டு, இரண்டு’ என்று எழுதியிருந்தாள். மாடிக்குத் திரும்பி, முதலாளி முன்னாலேயே ஸ்பீக்கரில் ஃபோன் போட்டு, என்ன கேஸ் என்று கேட்டேன்.

“ரெண்டு சிலிண்டருங்க சார். வேலை போட்டுத் தர்றீங்களா?”

முதலாளி ஃபாரத்தை வாங்கி இன்னொரு முறை பார்த்தார்.

“அவன் பொய் சொல்லலீங்க,” என்றேன். “அந்தத் தகராறுக்கும் இலை பொரட்டறதுக்கும் என்னங்க சம்பந்தம்?”

“ஏதாச்சும் ஆச்சுன்னா உங்களத்தான் கேப்பேன்.”

மரியதாஸ் இருந்துவிட்டான். அந்தப் பெண்ணையும் கூப்பிட்டுக்கொண்டோம். ஒரு மாதம் அவன் குரல் சற்று உயர்ந்தாலும் நான் எழுந்து போய்ப் பார்ப்பேன். ஒன்றும் ஆகவில்லை.

இப்போது ஃபாரத்தில் அந்தக் கேள்வி கிடையாது. முதலில் வேலையைப் பார்க்கிறோம். பிறகு எதிரே உட்கார வைத்து, என்ன நடந்தது, எப்போது, இந்த வேலைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்கிறோம்.

இன்னொன்றும் எனக்கு ஓயாமல் தோன்றும். மரியதாஸுக்கு அன்று கேள்வி சரியாகப் புரிந்திருந்தால் ‘உண்டு’ என்றுதான் எழுதியிருப்பான். நான் அவன் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.