இரும்பு வளையம் இருந்த மூலை

செய்தி இரண்டாம் பீரியடில் வந்தது. எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மேசைமேல் இருந்த கைப்பேசி அதிர்ந்தது. ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு தகவல்: "நம் பள்ளி ஆயாம்மா இன்று காலை காலமானார். வகுப்புகள் வழக்கம்போல் நடைபெறும்." அதன்கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக விழத் தொடங்கின. அவற்றில் ஒன்று என்னுடையது. யாரும் அவர் பெயரை எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

அவர் பெயர் அஞ்சலை. நெய்வேலி டவுன்ஷிப்பில் உள்ள எங்கள் தனியார் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தார். மணி அடிப்பது, வகுப்பறைகளைப் பெருக்குவது, வாந்தியெடுத்த பிள்ளைக்கு முகம் கழுவி, சட்டை மாற்றி, வீட்டிலிருந்து ஆள் வரும்வரை மடியில் வைத்துக்கொள்வது எல்லாம் அவர் வேலை. கடைசி நாள் வரை கான்ட்ராக்ட். பள்ளி ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி ஐந்து வரி எழுதித் தரச் சொன்னார்கள். ஐந்து வரியில் என்னால் பொய்தான் எழுத முடியும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் வரலாற்று ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வாரம் எல்.கே.ஜி. வாசலில் ஒரு குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறிக்கொண்டிருந்தது. அஞ்சலை அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் எதிரே குந்தினார்.

"ஏம்மா அழுவுற? உங்கப்பா மைன்ஸ்ல பெர்மனென்ட்டு. இருக்கிற வூடு குவார்ட்டர்ஸு. நீ அழுவலாமா? அழுவ வேண்டியவ நானு, நானே சிரிச்சிகினு கீறேன்."

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. நான் சிரித்துவிட்டேன்.

"நீங்க சிரிக்காதீங்க மிஸ்ஸு, நீங்களும் இன்னும் பெர்மனென்ட்டு ஆவல" என்றார் திரும்பாமலேயே.

ஒவ்வொரு ஜனவரியிலும் எட்டாம் வகுப்பைக் கடலூர் முதுநகருக்கு அழைத்துப்போவோம். எங்கள் பக்கத்தில் அதை ஓல்டு டவுன் என்பதைச் சுருக்கி ஓ.டி. என்றுதான் சொல்வோம். அங்கே துறைமுகத்தை ஒட்டி ஒரு பழைய சதுக்கம். ஒருபுறம் ஓடு சரிந்த கிடங்குகள், மறுபுறம் காரை உதிர்ந்த சுங்கக் கட்டடம், காலடியில் தேய்ந்து வழுக்கும் கருங்கல் தளம், எதிரே படகுகள். வடக்கு மூலையில் சுவரில் பதித்த ஓர் இரும்பு வளையம் இருந்தது. அது கம்பெனி காலத்து அதிகாரிகள் குதிரை கட்டிய வளையம் என்று எப்போதோ ஒரு காவலாளி சொல்லியிருந்தார். அதையே நான் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பயணத்துக்காக நான் தயாரித்த வினாத்தாளிலும் அது ஒரு கேள்வி.

பேருந்து சதுக்கம்வரை வராது. ரயிலடிப் பக்கம் ஒரு மரத்தடியில் நிற்கும். பிள்ளைகளின் பைகளுக்கும் புளிச்சோற்று அண்டாவுக்கும் காவலாக ஆயாம்மா பேருந்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நான் சேர்வதற்கு முன்பே ஏற்பட்ட வழக்கம் அது. ஆண்டுதோறும் ஓ.டி.வரை வந்தார், ஒருமுறையும் இறங்கியதில்லை. நாங்கள் திரும்பி வந்ததும் கரண்டியைக் கையில் எடுத்தபடி ஒரே கேள்வி கேட்பார்.

"அந்த மூலையில வளையம் இருக்குதா மிஸ்ஸு?"

"இருக்குக்கா."

"சரி. தட்ட நீட்டுங்க."

ஏன் கேட்கிறார் என்று கேட்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதுவும் தற்செயலாக. ஒரு பயணத்தில் ஒரு மாணவிக்குக் காய்ச்சல். மற்ற ஆசிரியைகளிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டு நானும் பேருந்தில் தங்கினேன். பேச்சுவாக்கில் குதிரை வளையத்தைப் பற்றிச் சொன்னேன். அஞ்சலை அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

"குதிரையா? எங்கப்பாவும் அவரு கூட்டாளிங்களும் தூக்குச்சட்டி மாட்டுன வளையம் மிஸ்ஸு அது. கீழ வச்சா நாயி வாய வச்சிடும்."

பிறகு சொன்னார். அவர் குடும்பத்துக்குச் சொந்த நிலம் கிடையாது. பிறர் வயலில் கூலிக்கு அறுத்தவர்கள். வயல்கள் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது அறுப்பும் போயிற்று. "நெலத்துக்காரங்களுக்கு ஏதோ கெடச்சுது. அறுத்தவங்களுக்கு இன்னா கெடைக்கும்?" அப்பா ஓ.டி. துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார். சனிக்கிழமைதோறும் வருவார். வளையத்தைப் பற்றியும், கல் தளத்தில் மதியம் துண்டை விரித்துப் படுப்பதைப் பற்றியும் மகளிடம் சொல்வார். ஒருநாள் அழைத்துப்போவதாகவும் சொன்னார். ஒரு மழைக்காலத்தில் மூட்டையோடு அந்தக் கல்லில் வழுக்கி விழுந்தார். அதன்பின் எழவில்லை.

"ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம ரெண்டு பேரும் போய்ட்டு வரலாம்க்கா" என்றேன்.

"போயி சொவத்தப் பாத்துட்டு வர்றதா? அதுக்கு நானே பஸ்ஸு ஏறிப் போவேன். எங்கப்பா ஒருத்தருக்கும் தெரியாம சொமந்தாரு மிஸ்ஸு. குதிரைக்குச் சொல்றீங்க இல்ல, அவருக்கும் ஒரு வார்த்த பசங்ககிட்ட சொல்லுங்க. நான் பக்கத்துல நின்னுக்கறேன். அது போதும்."

அடுத்த ஆண்டு, அஞ்சலை அம்மாவும் சதுக்கத்துக்கு வரட்டுமா என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். "பைகளை யார் பார்ப்பாங்க?" என்றார். நான் பார்க்கிறேன், பிள்ளைகளிடம் அவரே பேசட்டும் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. அல்லது, தோன்றாதது போல் இருந்துகொண்டேன். அன்று சதுக்கத்தில் வளையத்தின் முன் நின்று குதிரைக் கதையைத்தான் சொன்னேன். வினாத்தாளில் விடை அதுதானே. திரும்பி வந்ததும், "சொன்னீங்களா மிஸ்ஸு?" என்றார். "அடுத்த வருஷம் நீங்களும் இறங்குங்கக்கா, அப்பச் சொல்றேன்" என்றேன். அதற்கடுத்த ஆண்டும் அதே பதில். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

கடந்த ஜனவரியில் தலைமையாசிரியை வரவில்லை. பைகளைப் பார்த்துக்கொள்ள ஓட்டுநர் ஒப்புக்கொண்டார். அஞ்சலை அம்மா அன்று நீலச் சீருடைப் புடவை கட்டவில்லை. மகன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டு. பிள்ளைகள் "ஆயாம்மா, பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று கேலி செய்தார்கள். "உங்க தாத்தன் இருந்தா வரச் சொல்லுடா" என்றார்.

சதுக்கம் மாறியிருந்தது. கருங்கல் தளத்தின் மேல் வண்ண ஓடு பதித்திருந்தார்கள். படம் எடுத்துக்கொள்ள ஊர்ப்பெயர் எழுதிய பெரிய பலகை. சுவர் முழுக்கப் புதுப்பூச்சு, மஞ்சள் வண்ணம். அஞ்சலை அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு என் பின்னால் வடக்கு மூலைக்கு வந்தார். வளையம் இல்லை. அறுத்தெடுத்த இடத்தில் உள்ளங்கை அளவு சிமெண்டுப் பூச்சு மட்டும் சற்றே மேடாகத் தெரிந்தது.

"போன வருஷம் இருந்துதா மிஸ்ஸு?"

"இருந்ததுக்கா."

தலையாட்டியபடி அந்தப் பூச்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிள்ளைகள் பலகையின் முன் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். என்ன சொல்வது என்று வீட்டில் ஒத்திகை கூடப் பார்த்திருந்தேன். ஆனால் எதைக் காட்டிச் சொல்வது என்று திகைத்து நின்றேன். சுமந்தவரின் மகளே எதிரில் நிற்கையில், எனக்கு ஓர் இரும்புத் துண்டு தேவைப்பட்டது.

"பசங்கள எண்ணிப் பாருங்க மிஸ்ஸு, வெயிலு ஏறுது" என்று சொல்லிவிட்டு அவர் பேருந்தை நோக்கி நடந்தார். அன்று வழக்கம்போல் அவர்தான் சோறு பரிமாறினார்.

அதன்பின் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. மழை தொடங்கும் முன் மூச்சிரைப்பு வந்தது. விடுப்பு எடுத்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று மணி அடிக்க வந்துகொண்டே இருந்தார். இறப்பதற்கு முந்தின நாளும் கடைசி மணியை அவர்தான் அடித்தார்.

செய்தி வந்த அன்று மதிய இடைவேளையில் நானும் இன்னொரு ஆசிரியையும் பள்ளியின் மாலையோடு போனோம். சுரங்கத்துக்காக ஊர் மாறியவர்களின் குடியிருப்பில் ஒற்றை அறை வீடு. மகன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஓட்டுநர். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"நீங்கதானே வரலாறு மிஸ்ஸு? அம்மா உங்களப் பத்திச் சொல்லிகினே இருக்கும்."

"என்ன சொல்லுவாங்க?"

"வருசா வருசம் ஓ.டி.யில எங்க தாத்தாவப் பத்திப் பசங்களுக்குப் பாடம் எடுக்கறீங்களாமே. எங்க புள்ளைங்ககிட்டயும் பெருமையாச் சொல்லும்."

நான் இல்லை என்று சொல்லவில்லை. மாலையைப் போட்டுவிட்டு, "உங்க தாத்தா பேரு என்ன?" என்று மட்டும் கேட்டேன். அத்தனை ஆண்டுகளில் அதைக்கூட நான் கேட்டதில்லை. மகன் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பாடம் எடுப்பவருக்குத் தெரியாதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

"கோவிந்தன்" என்றார்.

வரும் ஜனவரியில் எட்டாம் வகுப்புக்கு நீர் விளையாட்டுப் பூங்கா என்று முடிவாகிவிட்டது. அங்கே சொல்ல எதுவும் இல்லை. ஆகவே, பிள்ளைகளின் முன் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டியதை, கேட்க வேண்டியவர் போன பிறகு, இங்கே எழுதுகிறேன்: கடலூர் ஓ.டி. துறைமுகச் சதுக்கத்தில் அஞ்சலையின் அப்பா கோவிந்தன் மூட்டை சுமந்தார். வடக்கு மூலை வளையத்தில் தம் சோற்றை மாட்டி வைத்தார். அங்கேயே விழுந்தார்.

போய் வாருங்கள், அஞ்சலை அம்மா. உங்களை நினைத்தால் எனக்கு மணிச் சத்தம் கேட்பதில்லை. அந்த மூலைதான் தெரிகிறது: கையில் செருப்பு, பட்டுப்புடவை, சுடும் ஓட்டில் வெறுங்கால், சிமெண்டுப் பூச்சின் மேல் பதிந்திருக்கும் உங்கள் உள்ளங்கை. பக்கத்தில், வாய் திறக்காமல், நான்.