பூசாத நான்கு வாரங்கள்

கிளினிக் நாளுக்காக அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் ஒன்பது வரிகள் இருந்தன. அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, தண்ணீர்ப் போத்தல், மாற்றுச் சட்டை என்று எல்லாம் இருந்தன. பத்தாவதாக ஒரு வரி வந்திருக்க வேண்டும்: கிரீம் பூச வேண்டாம். அதை நான் எழுதவில்லை.

பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். உடலிலிருந்து எடுத்த சதைத் துண்டுகளை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிக் கொடுப்பது என் தொழில். அம்மா ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். இரண்டு வருடங்களாக அவருடைய நெற்றியோரத்தில் முடி கொட்டியது, சிறு பருக்கள் கிளம்பின, ஓயாத அரிப்பு. கூடைக் கயிறு அழுத்தும் இடத்தில் எல்லாப் பெண்களுக்கும் முடி தேய்ந்துதான் இருக்கும். அதனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. நானும்தான்.

"கயிறு தின்ன மண்டையில பேன்கூட குடியிருக்காது, குடுத்து வச்சவ" என்பார் பக்கத்து வீட்டு அக்கா.

"இரு, ஒனக்கும் வரும்" என்பார் அம்மா. லயமே சிரிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முகம் கழுவிவிட்டு வந்தபோது இடது புருவம் பாதியைக் காணோம். அதுவரை மையால் வரைந்து வைத்திருந்திருக்கிறார். கயிறு புருவத்தில் படாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றே பழைய பாடப்புத்தகத்தை எடுத்துப் பட்டியல் போட்டேன். வெள்ளை அணுக்களில் தொடங்கித் தோலில் குடியேறும் ஒரு புற்றுநோய் இருக்கிறது. அதன் அரிய வகைகள் சில முடியின் வேர்ப்பையைத் தேடிப் போகும். ஒன்றில் பருவும் கரும்புள்ளியும். ஒன்றில் வேர்ப்பைக்குள் பசைபோல ஏதோ நிறைந்து முடி உதிரும். இன்னொன்று வேர்வைச் சுரப்பிகளைத் தேடும். தலை, முகம், புருவம், கடும் அரிப்பு. அம்மாவிடம் இருந்தவற்றுக்கு நேரே சரி போட்டுக்கொண்டே போனேன். பாதியில் பேனாவை வைத்துவிட்டேன்.

கிளினிக்கில் நெற்றியிலிருந்து தோல் எடுத்தார்கள். அறிக்கையில் குறிப்பாக ஒன்றும் சொல்ல முடியவில்லை என்றிருந்தது. அந்தத் துண்டைப் பார்த்த எங்கள் ஆய்வுகூடத்துப் பெண் டொக்டர், யாழ்ப்பாணத்துக்காரர், என்னைக் கூப்பிட்டார்.

"உங்கட அம்மா முதலே ஏதும் கிரீம் பூசினவவோ?"

"தெரியலிங்க, டொக்டர்."

"கேட்டுப் பாருங்கோ. ஸ்டீராய்ட் பூசினால் இந்த நோய்க் கலங்கள் ஒளிச்சுப் போயிடும். போதாததுக்கு மேலோட்டமாத்தான் எடுத்திருக்கினம். இது வேருக்குள்ள கிடக்கிற சாமான்."

அம்மாவிடம் கேட்டேன். டிஸ்பென்சரியில் கொடுத்த கிரீமை, கிளினிக்குக்கு முந்திய இரண்டு வாரம் காலையும் மாலையும் அப்பியிருக்கிறார். போதவில்லையென்று பக்கத்து வீட்டு அக்காவின் டியூபையும் வாங்கியிருக்கிறார்.

"பெரிய டொக்டருகிட்ட போறப்ப மூஞ்சிய அசிங்கமா வச்சிக்கிட்டா போறது?" என்றார். எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்குப் போவதுபோலத்தான் போவார்கள். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு வாரம் எதுவும் பூசாமல் இருந்து, ஆழமாக மறுபடி எடுக்க வேண்டும் என்றார் டொக்டர். இரண்டு டியூப்களையும் என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். தினமும் அவை என்னோடு பஸ்ஸில் வேலைக்கு வந்தன. கொப்பியில் நாள்தோறும் குறித்தேன்: பருக்கள் எத்தனை, சிவப்பு எவ்வளவு, புருவத்தில் மிச்சம் எவ்வளவு. இரண்டாம் வாரம் பருக்கள் கூடின. எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மாவின் நோய் நன்றாகத் தெரியும் அளவுக்கு வளரட்டும் என்று காத்திருந்தவள் நான். இதை வேறு எப்படியும் எழுத முடியவில்லை.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்து நான் வந்த மத்தியானம், மலையிலிருந்து வந்த அம்மா கூடையை இறக்கியதும் சீப்பை எடுத்து நெற்றியை வறட்டு வறட்டென்று சொறிந்தார். சீப்பின் பல்லில் இரத்தம்.

"ஒரு கடுகளவு தா புள்ள. ஒரு பக்கத்துக்கு மட்டும்."

"இன்னும் எட்டு நாள்மா."

"ஒன்னைப் பெத்தவ நான். நாய்க்குக்கூட இப்படிச் செய்ய மாட்டாங்க."

வாசலில் நின்ற அக்கா, "படிச்ச புள்ள ஆத்தாளுக்கே மருந்த ஒளிச்சி வைக்குது, பாருங்க" என்றார். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. நான் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். அவர் திமிறினார். கைப்பை என் தோளில்தான் தொங்கியது. கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை.

நான்கு வாரம் முடிந்து எடுத்த இரண்டாம் துண்டை என்னை வெட்டவிடவில்லை. கூட வேலை செய்பவர் வெட்டினார். டொக்டர் நுண்நோக்கிக்கு அருகே என்னை அழைத்து, "பாருங்கோ" என்றார். தோலின் மேற்பகுதி ஏறத்தாழ வெறுமை. கீழே வேர்ப்பையைச் சுற்றிலும் உள்ளேயும் கருநீலக் கலங்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன.

"கிடைச்சிருச்சி!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

டொக்டர் என்னைப் பார்த்தார். அதன்பிறகுதான் கிடைத்தது என்னவென்று எனக்குப் புரிந்தது.

"கொழும்பு ஆஸ்பத்திரிக்கு எழுதுறன். ஆழத்தில இருக்கிறபடியால் மேல பூசுறது மட்டும் காணாது, வேற வைத்தியமும் வேணும்" என்றார்.

"அதுவரைக்கும் அரிப்புக்கு அந்தக் கிரீம் பூசலாமா, டொக்டர்?"

"இனிப் பூசலாம்."

வீட்டில் அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நோயின் பெயர், அது என்ன, கொழும்பில் என்ன செய்வார்கள், எதற்கு இன்னும் பதில் தெரியாது. அம்மா கேட்டுக்கொண்டேயிருந்தார். நான் முடித்ததும் கைப்பையைப் பார்த்தார்.

"இப்ப பூசலாமா?"

மூடியைத் திறந்து நானே பூசினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியோரம் முழுவதும் தடவி, புருவம் இருந்த இடத்துக்கு வந்தபோது என் விரல் நின்றது.

"இன்னும் கொஞ்சம்" என்றார் அம்மா.