எழுபத்தொரு சதவீதத்தில் நின்றுபோன மச்சினன்

என் மச்சினனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கதைப் புத்தகம் எது கையில் கிடைத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைப் படிப்பான். கொலை செய்தது யார் என்று தெரிந்துகொண்ட பிறகுதான், கொலை நடக்கிற முதல் அத்தியாயத்துக்கே வருவான். கேட்டால், "முடிவு தெரிஞ்சாத்தானுங்க மாமா நிம்மதியாப் படிக்க முடியும்" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அதற்கு நேர் எதிர். கடைசிப் பக்கத்தை ஒரு வெள்ளைத் தாளால் மூடி, கிளிப் மாட்டிவிட்டுத்தான் புத்தகத்தையே திறப்பேன்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. கொடுமுடிக்காரன். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் முப்பது வருஷம் இருந்தான். மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது பத்தடி தள்ளி நின்றே இது பழசு, இது புதுசு, இதில் கலப்படம் என்று சொல்லிவிடுவான். அப்படி ஒரு கண். நான் கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் செக்ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவன். மோட்டாரை ஓடவிட்டு ரீடிங் எழுதுவதுதான் காலமெல்லாம் என் வேலை. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது துப்பறியும் கதைப் பைத்தியம் ஒன்றுதான். நேரில் பார்த்தால் "வாங்க மாப்ள" என்று மரியாதையாகக் கூப்பிடுவேன். மனசுக்குள் எப்போதும் 'அவன்'தான்.

அந்தப் பழக்கத்தால்தான் நாங்கள் பேச்சை விட்டோம். என் இருபத்திரண்டாவது வயதில் ஒரு மாத நாவல் படித்தேன். ஒரு எஸ்டேட் பங்களாவில் கொலை, ஆறு பேர் மேல் சந்தேகம். விறுவிறு என்று போனவன் கடைசிக்கு வந்தால், பதினாறு பக்கம் கிழிந்து போயிருக்கிறது. அன்றிலிருந்து உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் நான் அதைத் தேடாத வருஷம் இல்லை. என் தலையைத் தெருமுனையில் பார்த்ததுமே கடைக்காரர் "இன்னும் வரலீங்க" என்று சொல்லிவிடுவார். ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாள் முழுப் பிரதி கிடைத்தே விட்டது. முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படிக்க வேண்டும் என்று பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, பவானியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனேன். பையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுப் பந்திக்குப் போனதுதான் தப்பு.

ரசம் வந்துகொண்டிருந்தது. பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்த மச்சினன் சாதாரணமாகச் சொன்னான்: "மாமா, உங்க பையில இருந்த பொஸ்தகத்தைப் பாத்தனுங்க. கொலை பண்ணுனது அந்தக் கணக்குப்பிள்ளைதானுங்க."

நாற்பது வருஷத்துக்கும் மேல் தேடிய முடிவு. ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் சொல்லிவிட்டான். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். விருந்துக்குப் போன இடத்தில் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவனும் விடவில்லை. "ஒரு கதைக்குப் போயி இலையை மூடறீங்களே மாமா, சின்னப் புள்ளையாட்ட" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான். நானும் பதிலுக்கு ஏதோ சொன்னேன். 'ங்க' குறையாமல்தான் சண்டை போட்டோம். அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் மனைவி மட்டும் வாரம் இரண்டு தரம் தம்பியோடு போனில் பேசுவாள். நான் அந்த நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன்.

போன தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வந்த மகள், மின்புத்தகம் படிக்கிற கருவி ஒன்றை என் கையில் வைத்தாள். கரண்ட்டில் ஓடுகிற புத்தகமா என்று முதலில் முகத்தைச் சுளித்தேன். காகிதத்தின் வாசனை இதில் வருமா என்று என் நண்பர்கள் சிலர் கேட்டார்கள். என் மாத நாவல்களில் வந்ததெல்லாம் எலிப்புழுக்கை வாசனைதான், அது வராததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் அதோடு ஒட்டிக்கொண்டேன். எங்கே நிறுத்தினேன் என்று இதற்கு எப்படித் தெரிகிறது, வெயிலில் எப்படி எழுத்து மங்காமல் இருக்கிறது, ஒரு தரம் சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் எப்படி ஓடுகிறது என்று ஒவ்வொன்றையும் நோண்டிக்கொண்டே இருந்தேன். பிரித்துப் பார்க்கலாம் என்று ஸ்க்ரூவைத் தேடினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒரு ஸ்க்ரூகூட இல்லை. கடைசிப் பக்கத்துக்குக் கிளிப் மாட்ட முடியாதது ஒன்றுதான் குறை.

ஒரு நாள் காலை, பன்னிரண்டு சதவீதத்தில் விட்டிருந்த ஒரு கதையைத் திறந்தேன். திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. இந்தப் புத்தகம் வேறொரு கருவியில் நாற்பத்தாறு சதவீதம் வரை படிக்கப்பட்டிருக்கிறது, அங்கே போகலாமா என்று கேட்டது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏனுங்க, அது கையில இருந்தா உங்களுக்குச் சோறு தண்ணி நெனப்பே இருக்கறதில்ல. நீங்களே தள்ளிப்போட்டு மறந்திருப்பீங்க" என்றாள்.

மகளுக்குப் போன் போட்டு, உள்ளே வேறு யாரோ படிக்கிறார்கள் என்றேன். "கோவிச்சுக்காதீங்கப்பா. ரெண்டு வாங்குனேன். இன்னொண்ணு மாமாவுக்கு. ரெண்டையும் என்னோட ஒரே அக்கவுண்ட்ல போட்டிருக்கேன். ஒரு புக் வாங்குனா ரெண்டு பேரும் படிக்கலாம்னுதான்" என்றாள்.

"இப்பவே அதை நிறுத்து."

"நிறுத்திரலாம்ப்பா. ஒரு நிமிஷ வேலை. நிறுத்தட்டுங்களா?"

கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு அரிப்பு உள்ளே கிளம்பிவிட்டது. ஆறு வருஷமாகப் பார்க்காத ஆள் கொடுமுடியில் உட்கார்ந்து எந்தப் பக்கத்தைப் படிக்கிறான் என்று எனக்கு இங்கே கோயமுத்தூர்ப் பீளமேட்டில் தெரிகிறது. எந்தத் துப்பறிகிறவனுக்கு இந்த வசதி கிடைக்கும்? "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று போனை வைத்தேன்.

அன்றிலிருந்து தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாளின் மூலையில் அவனுடைய சதவீதத்தைக் குறித்து வந்தேன். பழைய வேலைப் புத்தி. கட்டத்தில் நேரமும் வரும். விடிந்ததும் ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை படிக்கிறான். அவன் எனக்கு முன்னால் இருந்தால்தான் அந்தக் கட்டம் வரும் என்பதால், நான் வேண்டுமென்றே பின்தங்கினேன். விறுவிறுப்பான இடத்தில் புத்தகத்தை மூடி வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

குறிக்கக் குறிக்க ஒரு விஷயம் உதைத்தது. இருபது, நாற்பது, அறுபத்தைந்து, தொண்ணூறு, நூறு. எல்லாப் புத்தகத்திலும் வரிசையாகத்தான் போகிறான். கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்திருந்தால் முதல் நாளே கட்டத்தில் நூறு என்று வந்திருக்கும். ஒரு தடவைகூட வரவில்லை. அப்படியென்றால் படிப்பது அவன்தானா? அவன் மனைவிக்குப் புத்தகம் என்றாலே தூக்கம் வரும். திருந்திவிட்டானோ? அறுபத்து மூன்று வயதுக்கு மேல் யார் திருந்துகிறார்கள், நான் திருந்தினேனா? யோசித்து யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

பங்குனி பிறந்தபோது ரீடிங் இறங்க ஆரம்பித்தது. நாளுக்கு இருபது போனவன் எட்டுக்கு வந்தான். பிறகு மூன்று. பிறகு ஒன்று. கிணற்றில் தண்ணீர் இருந்தும் பம்ப் இறைப்பது இப்படிக் குறைந்துகொண்டே வந்தால், உள்ளே ஏதோ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கடைசியில் எழுபத்தொன்றில் நின்றது. மறுநாளும் எழுபத்தொன்று. ஐந்து நாள் எழுபத்தொன்று. துப்பறியும் கதையில் எழுபதைத் தாண்டியவன் அப்படி நிறுத்தவே மாட்டான். அதிலும் இவனுக்குப் பொறுமை கிடையாது.

"உன் தம்பிகூடப் பேசினியா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"முந்தாநாள் பேசினேன். நல்லாத்தான் இருக்கான். ஆறு வருஷம் கழிச்சு இப்ப என்னங்க திடீர்னு விசாரிப்பு?"

"கதையைப் பாதியில நிறுத்திப்போட்டான்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "நேர்ல போய்த்தான் பாருங்களேன்" என்றாள். அவளுக்கு முட்டி வலி, அவ்வளவு தூரம் வர முடியாது. மறுநாள் காலை தம்பிக்குப் பிடித்த ஒப்புட்டுச் சுட்டு, வெல்லப் பூரணம் வெளியே வந்துவிடாமல் டப்பாவில் அடுக்கிக் கொடுத்தாள். ஈரோடு வரை ரயில், அங்கிருந்து பஸ். வழியெல்லாம் என்ன சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

அவன் மனைவிதான் கதவைத் திறந்தது. "வாங்கண்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே கையைக் காட்டியது. ஜன்னலோரம் நாற்காலி போட்டு மச்சினன் உட்கார்ந்திருந்தான். கையில் என்னுடையதைப் போலவே ஒரு கருவி. மூக்கு இடிக்கிற தூரத்தில் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய் மூன்றடி தூரத்தில் நின்றேன். தலையைத் தூக்கினான்.

"யாருங்க?" என்றான்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது. "நான்தானுங்க மாப்ள" என்றேன்.

"மாமாங்களா?" என்று எழுந்தவன் நாற்காலிக் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டான்.

கண்ணின் நடுப்பார்வை போய்விட்டதாம். நேராகப் பார்த்தால் நடுவில் இருட்டு, ஓரம் மட்டும்தான் தெரிகிறது. ஒரு கண் முன்பே போய்விட்டது. இன்னொன்றுக்கு ஊசி போடுகிறார்கள், இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் மண்டி விலை சொல்கிற மாதிரி சொன்னான்.

"அக்காகிட்டக்கூடச் சொல்லலீங்களே?"

"சொன்னா அழுவா. அப்புறம் உங்களுக்குத் தெரியும். கண்ணு போச்சேன்னு நீங்க பேச வரக்கூடாதுன்னு நெனச்சேனுங்க."

கருவியை என்னிடம் நீட்டினான். திரை முழுக்க மூன்றே வார்த்தைகள். "இதுக்கு மேல எழுத்து பெருசாகாதுங்க மாமா. நானும் அமுக்கி அமுக்கிப் பாத்துட்டேன். இப்ப இதுவும் தெரியலீங்க. இந்தக் கதையோட நம்ம படிப்பு முடிஞ்சுதுன்னு வெச்சுக்க வேண்டியதுதான். யாரு கொன்னாங்கன்னு தெரிஞ்சிருந்தாத் தேவலை."

கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன். "கண்ணு நல்லா இருக்கறப்பவே கடைசிப் பக்கத்தைப் பாத்திருக்கலாமுல்லீங்க? உங்களுக்குத்தான் அது கைவந்த வேலையாச்சே."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "உங்க புள்ள சொல்லுச்சுங்க, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும்னு. நான் கடைசிக்குப் போனா, கடைசிப் பக்கத்துக்குப் போலாமான்னு உங்க மெஷின்ல கேக்குமாமுங்க. தெரியாம நீங்க ஆமான்னு அமுக்கிட்டா? ஏற்கெனவே ஒரு கதையைக் கெடுத்துப்போட்டேன். மொதல்ல ரொம்பக் கை அரிச்சுதுங்க. பதினொரு பொஸ்தகம் அப்படியே வரிசையாப் படிச்சேன்."

நான் அவன் வேகத்தைப் பார்க்கப் பின்தங்கிப் படித்தேன். அவன் எனக்காகக் கடைசிப் பக்கத்தைத் தொடாமல் படித்திருக்கிறான். காலண்டர் தாளில் நான் எழுதிய கணக்கில் இது எங்கேயும் வரவில்லை. என்மேலேயே எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

எழுத்தைச் சின்னதாக்கினேன். "எழுபத்தொண்ணுல இருந்து படிங்க மாமா" என்றான். நான் விரலை வைத்து இழுத்தேன். நூறு. பக்கம் புரளுகிற சத்தம் இதில் கிடையாது, ஆனாலும் அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"வேண்டாமுங்க. நீங்க இன்னும் அதைப் படிக்கலீங்களே."

"சும்மா உக்காருங்க மாப்ள" என்றேன்.

என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கதையின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்தேன், அதுவும் வாய்விட்டு, நிறுத்தி நிறுத்தி. கொலை செய்தது யார் என்று இங்கே எழுத மாட்டேன். நீங்கள் இனிமேல்தான் படிக்கப் போகிறவராக இருக்கலாம். மச்சினன் மட்டும் தொடையில் தட்டி, "நெனச்சேனுங்க" என்றான். பிறகு எழுபத்தொன்றுக்குத் திரும்பி வந்து, மீதியை மதியம் வரை படித்தேன். எல்லாம் தெரிந்தும் சுவாரஸ்யம் குறையவில்லை என்பதை அவனிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். பக்கத்துப் பக்கத்து இலை. அவன் தடவித் தடவிச் சாப்பிட்டான், நான் பார்க்காத மாதிரி சாப்பிட்டேன். ரசம் முடிந்தது. மோர் கொண்டுவர அவன் மனைவி உள்ளே போனது. என் பக்கம் சத்தம் கேட்காததும் அவன் கை சாப்பாட்டில் அப்படியே நின்றது.

"மாமா, எந்திரிச்சுட்டீங்களா?" என்று கேட்டான்.

"இல்லீங்க மாப்ள" என்றேன். "மோருக்கு உக்காந்திருக்கேன்."