அந்துருண்டை

பாபநாசத்தில் சிவசங்கரனை எல்லோருக்கும் தெரியும், விலங்கியல் புரொபசர். அவர் மனைவி காமுவை யாருக்கும் தெரியாது. அவர் பிடித்து, கொன்று, கண்ணாடிப் பெட்டிகளில் ஊசி குத்தி வைத்த அந்துப்பூச்சிகளைக் காப்பாற்றி வந்தது அவள்தான். துடைப்பாள், அந்துருண்டை மாற்றுவாள். நன்றி என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் வீணாக்கியதில்லை.

மகள் ரோஹிணியின் கல்யாணத்துக்கு முந்தின மழைக்காலத்தில் வீட்டில் அந்துருண்டை தீர்ந்துபோயிற்று. மனுஷர் கடைக்குப் போனாரா? காமுவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து, கூறைப்புடவைக்குள் கிடந்த உருண்டைகளை அள்ளித் தம் பூச்சிகளுக்குப் போட்டுக்கொண்டார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெண்ணைத் தாரை வார்க்கும்போது தாய் தன் கூறையைக் கட்டிக்கொள்வது அவர்கள் வீட்டு வழக்கம். காமு பெட்டியைத் திறந்தபோது அரக்குப் பட்டு சல்லடையாகியிருந்தது. மடிப்பெல்லாம் புழு. அவள் அழுதாள்.

"பூச்சி பண்ணின பட்டைப் பூச்சி தின்னுட்டுப் போறது. இதுக்குப் போய் ஏன்டி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறே?" என்று சிரித்தார்.

இரவல் புடவையில் தாரை வார்த்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் அவளுக்கு ஆறவேயில்லை.

போன வருடம் இத்தாலியில் இருக்கும் மகன் வசிஷ்ட் ஒரு பூச்சி அனுப்பினான். மத்தியதரைக் கடலில் கோர்சிகா, சார்டினியா தீவுகளை விட்டால் வேறெங்கும் இல்லாத அந்து. சிவசங்கரன் வாலிபத்திலிருந்து ஏங்கியது. வந்த நேரம் அவருக்குக் கண்புரை முற்றியிருந்தது. பெட்டிக்குள் ஒரு நிழல்தான் தெரிந்தது.

"ஆபரேஷன் ஆகட்டும், புதுக் கண்ணால பார்த்துக்கறேன். பத்திரமா வைடி. உருண்டை போட மறந்துடாதே."

"மறக்க மாட்டேன்னா."

மறக்கவில்லை. கூறை இன்னும் டிரங்கின் அடியில்தான் இருந்தது, புழுவோடு. முந்தானையில் புழு நிறைந்த இடமாகப் பார்த்து ஒரு துண்டு வெட்டி, அந்த அந்துக்கு அடியில் விரித்து, உருண்டை போடாமல் பெட்டியை மூடினாள். பிறகு போய், கண்ணுக்கு நல்லதென்று அவருக்காகப் பொன்னாங்கண்ணி ஆய்ந்தாள்.

சர்க்கரை இறங்காமல் ஆபரேஷன் தள்ளித் தள்ளிப் போயிற்று. ஒருவழியாக முடிந்து வீடு திரும்பியதும் அவர் முதலில் திறந்தது அந்தப் பெட்டியை. ஊசி மட்டும் நின்றது. அடியில் கொஞ்சம் பொடி, ஒரு துண்டு அரக்குப் பட்டு. பட்டு எந்தப் புடவையுடையது என்று புதுக் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.

"பூச்சியைப் பூச்சி தின்னுட்டுப் போறது. இதுக்குப் போய் ஏன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறேள்?" என்றாள் காமு.

அவர் உதடு கோணியது. அவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அழாதேங்கோ."